பனி மாதத்தில் காணாமல் போன கூலர்

ஜனவரி 6, செவ்வாய்

திருத்தங்கலில் இப்படி ஒரு குளிரை நான் கண்டதில்லை. விடிகாலை பஜ்ரு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீரைத் தொட்டதும் விரல் மரத்துவிட்டது. பால்காரர் முகத்தை மூடும் குல்லா போட்டு வந்தார். எவனோ திருடன் என்று என் மனைவி ஆசியா பீவி கதவைச் சாத்திவிட்டாள். பால் வாங்க நான்தான் போக வேண்டியிருந்தது.

என் எலக்ட்ரிக்கல் கடையில் தண்ணீர் சுடவைக்கும் ராடு எல்லாம் தீர்ந்துபோனது. நல்ல வியாபாரம். அந்தச் சந்தோஷத்தில் மதியம், கடையில் கூட இருக்கும் மாப்பிள்ளை அஷ்ஃபாக் மண்ணை அள்ளிப் போட்டார்.

"மாமா, கூலர் கம்பெனியில இருந்து பேசுனாக. ஆர்டர் இந்த மாசமே குடுக்கணுமாம். போன வருசத்தப் போல ரெண்டு மடங்கு சொல்லிருவோம்."

ஊரே போர்த்திக்கொண்டு திரிகிறது, இவர் கூலர் வாங்கச் சொல்கிறார். கம்பெனிக்காரன் இவருக்கு என்ன கொடுத்தான்?

ஜனவரி 8

டீக்கடையில் அய்யாதுரை. ஏழாயிரம்பண்ணையில் சின்னதாகப் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர். வெயில் இல்லாமல் களத்தில் சரக்கு காயவில்லை என்ற எரிச்சல் வேறு.

"என்ன பாய், உலகம் சூடாகுதாம்ல! இங்கன டீ கெளாஸக் கீழ வச்சா கை வெறச்சுப் போகுது. எல்லாம் நம்ம பொழப்பக் கெடுக்கத்தான். மொதல்ல புகைன்னாக, இப்ப சூடுங்காக."

எனக்கும் அப்படித்தான் படுகிறது. சூடு சூடு என்று சொன்னால் பட்டாசைத் தடுக்கிறவனுக்கு ஒரு வசதி, கூலர் கம்பெனிக்காரனுக்கு ஒரு வசதி. கடைக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை.

"ஒருநா யாவாரம் படுத்துட்டா கடையே போச்சுன்னு சொல்லுவீகளா மாமா? ஒரு மாசப் பனியும் அப்படித்தான். இருவது முப்பது வருசத்தச் சேத்துப் பாக்கணும்."

சொன்னது சரிபோலவே பட்டது. அதனாலேயே சந்தேகம் கூடிவிட்டது. இவ்வளவு பேச எங்கே கற்றார்?

ஜனவரி 11, ஞாயிறு

மகள் அப்சானா மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். ஆறாம் மாதம், முகம் தெளிந்திருக்கிறது. சாப்பிடும்போது, தேக்கில் ஒரு தொட்டில் பார்த்து வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். ஆசியா பாய்ந்தாள்.

"பிள்ள கைக்கு வருமுன்ன ஒரு துண்டுத் துணிகூட வாங்கப்படாது! வாங்கப் போறேன்னு வாயத் தெறந்து சொல்லவும் கூடாது. பட்டது போதாதா?"

ஆசியாவின் தங்கை பிள்ளைக்கு எல்லாம் முன்னாலேயே வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். மாப்பிள்ளைதான், "சரி மாமி, வாயத் தெறக்கல" என்றார்.

ஜனவரி 17

குடோனில் போன வருஷத்துக் கூலர் ஆறு பெட்டி மிச்சம் கிடந்தது. இன்று ஐந்துதான் இருக்கிறது.

மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

ஜனவரி 18

லோடு இறக்குகிற இருளாண்டியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "மாப்ள பாய்தான் எடுத்தாக மொதலாளி. பொங்கலுக்கு மறுநா பைக்குல வச்சுக் கட்டிக்கிட்டுப் போனாக. நாந்தான் கயிறு புடிச்சேன்."

அப்ப சரி, மாப்பிள்ளை வேலைதான். கடையில நான் உக்காந்திருக்கும்போதே எடுத்து வித்திருக்கான். எம்புட்டு தைரியம்! ரெண்டு மடங்கு ஆர்டர் சொல்லச் சொன்னதும் இதுக்குத்தான? சரக்கு நெறைய இருந்தா ஒண்ணு ரெண்டு போனா தெரியாதுல்ல?

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் பொய் சொல்வார். சொன்ன பிறகு மகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? ஆசியாவிடம் சொல்லவும் பயம். மாப்பிள்ளை என்றால் அவளுக்கு உயிர்.

ஜனவரி 20

"குடோன் சாவி இனிமே எங்கிட்ட இருக்கட்டும் மாப்ள."

ஏன் என்று கேட்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். கொத்திலிருந்து சாவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஆளுக்கு பல்பு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

குற்றமுள்ள நெஞ்சுதானே பேசாமல் இருக்கும்?

ஜனவரி 23

கூலர் ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் வெந்நீர் கீசரும் ராடும் ஒரு லோடு சொல்லியாயிற்று. மிச்சக் கூலர் ஐந்தையும் சாத்தூர்க்காரர் ஒருவருக்குத் தள்ளுபடியில் தள்ளிவிட்டேன். இனிமேல் எவரும் எதையும் எடுக்க முடியாது.

பிப்ரவரி 27

நோன்புக் கஞ்சி குடிக்கையில் வேர்த்துக் கொட்டியது. பனி எப்போது போனதென்றே தெரியவில்லை. கீசர் பெட்டிகள் குடோன் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னாலாவது சண்டை போடலாம்.

ஏப்ரல் 14

காலையிலிருந்து "கூலர் இருக்கா பாய்?" "இல்லை." இதுதான் வியாபாரம். எதிர்க் கடையில் வரிசை.

மே 3

அல்ஹம்துலில்லாஹ். பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம். அழுகையில் அப்படியே ஆசியா.

மே 9

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்ததிலிருந்து கண்ணில் தூக்கமில்லை. ஓட்டு வீட்டைவிட மோசம் இந்த மெத்தை வீடு, காங்கிரீட் தகிக்கிறது. மின்விசிறி அனலைத்தான் வீசுகிறது. பச்சை உடம்பெல்லாம் வேர்க்குரு, கழுத்து மடிப்பு புண்ணாகிவிட்டது. பாலும் சரியாகக் குடிக்கவில்லை. டாக்டரம்மா, "ரூம குளுமையா வச்சுக்கோங்க, இல்லன்னா அட்மிட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டார்.

கூலர் தேடி சிவகாசி முழுக்க அலைந்தேன். விருதுநகருக்கும் பேசினேன். எங்கேயும் இல்லை, லோடு வர பத்து நாளாகுமாம். எதிர்க் கடைக்காரரும் கையை விரித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கூலர் விற்கிறவன் பேத்திக்கு ஒரு கூலர் இல்லை. வெட்கக்கேடு.

அய்யாதுரையைப் பார்த்தேன். "பாய், உலகம் சூடாகுறது நெசந்தான் போல!" என்கிறார். ஜனவரியில் பேசிய வாய்தானா இது? பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, "ஒரு மே மாசத்த வச்சும் முடிவு கட்டாதீக அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். பிள்ளை இப்படிக் கிடக்கும்போது எங்கே போகிறார்?

மே 10

காலையில் வாசலில் பைக். பின்னால் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது. எங்கள் கடைச் சரக்கு. ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பிரித்தார், தண்ணீர் ஊற்றினார், சன்னலோரம் வைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை சிணுங்கலை நிறுத்திவிட்டுப் பால் குடித்தது. ஆசியா அழுதாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்சானா வந்து சொன்னாள்.

"விருதுநகர்ல அவுக அக்கா வீட்டுப் பரண்ல வச்சிருந்தாக அத்தா. பிள்ள மே மாசத்துலதான வரும், அன்னைக்கி கடையில சரக்கு இருக்குமோ இருக்காதோன்னு. எடுத்த அன்னைக்கே கல்லாவுல காசப் போட்டுட்டாக. பிள்ளைக்கு ஏழு நா கழியட்டும்னு இருந்தவுக, டாக்டரம்மா சொன்னதும் எடுத்துட்டு வந்துட்டாக."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மாதான் வாயத் தெறக்கக் கூடாதுன்னாகள்ல. நீங்க சாவிய வாங்குன அன்னைக்கி வீட்டுக்கு வந்து அழுதாக. அப்பவும் பிள்ளைக்கு ஆகாது, சொல்லாதேன்னுட்டாக."

நான் சந்தேகப்பட்டது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மே 11

குடோன் சாவியை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "வச்சுக்கோங்க மாப்ள" என்றுதான் வெளியே வந்தது.

"வேணாம் மாமா. நாளைக்கி ஒரு பிளக்கு கொறஞ்சாலும் என் மொகத்தத்தான் பாப்பீக."

மரியாதை குறையாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்தது. மகளையும் பேத்தியையும் மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போய்விட்டார். விருதுநகரில் ஒரு பாத்திரக் கடையில் கணக்குப் பார்க்கச் சேர்ந்திருக்கிறாராம். அதை ஆசியாவிடம்தான் சொன்னார். என்னிடம் ஸலாம் மட்டும் சொன்னார்.

வண்டியில் கூலரை ஏற்றப் போனேன். தடுத்துவிட்டார். "இங்கனயே இருக்கட்டும் மாமா, வெக்கையில மாமிக்கு மூச்சு வாங்குது."

மதியம் காற்றே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆசியா அறைக்குள்ளிருந்து, "கூலரப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

உனக்குப் போட்டுக்கோ, நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன், எனக்குக் குளிரும் என்றேன்.