வீக்கம் வடிந்த வாரம்

மிஸ்,

இன்று காலை பதுளை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தாயின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கொழுத்த கால் என் மூக்குக்கு நேரே ஆடியது. என் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. அந்தப் பெண் திரும்பி முறைத்தாள்.

"என்ன தாத்தா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, பழுத்திருச்சான்னு பாத்தேன்."

விரலை எடுத்ததும் சதை எழும்பி வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. இந்தக் கெட்ட பழக்கத்தைக் கொடுத்தது நீங்கள்தான். நீங்கள் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்த நாளிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் வந்தது அரிசியைக் கண்ணால் காணாத காலம். சாப்பாட்டைப் பற்றி மேல்படிப்புப் படிக்கிற யாழ்ப்பாணத்து டாக்டர் என்றார்கள். "சாப்பாடே இல்ல, அதுல என்னா மிஸ் படிப்பு?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

எங்கள் மகளுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியிருந்தது. அம்மன் வந்துபோன வீடென்று கவுச்சியை நிறுத்தி, சீனி போட்ட தேத்தண்ணியும் மரவள்ளிக்கிழங்கும்தான் கொடுத்தோம். அவளோ உப்பிக்கொண்டே வந்தாள். கன்னமும் காலும் பளபளத்தன. பஞ்சத்திலும் என் பிள்ளை பெரியதுரை வீட்டுப் பிள்ளை மாதிரி என்று லயத்து வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் அவள் பாதத்தை அழுத்தினீர்கள். பள்ளம் அப்படியே நின்றது.

"இது கொழுப்பில்லை, வீக்கம். சத்துச் சாப்பாடு இல்லாமல் வாறது. இப்பிடியே விட்டால் பிள்ளை தப்பாது."

மழையில் பாதை இடிந்து கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. நீங்கள் கொண்டுவந்த பால்மாவில் சீனியும் தேங்காயெண்ணெயும் கலக்கி, கரண்டி கரண்டியாக ஊட்டினீர்கள்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. உள்ளே இருந்தது வெறும் எலும்பு. உங்கள் தராசிலும் எடை இறங்கியது. என் பெண்சாதி கோப்பையைத் தட்டிவிட்டாள்.

"கொழுகொழுன்னு இருந்த புள்ளய உருக்கிப்புட்டாங்க. இனி ஒரு சொட்டு குடுக்க விடமாட்டேன்."

லயமே வாசலில் கூடிவிட்டது. "மிஸ்ஸ நீ அனுப்புறியா, நாங்க அனுப்பவா?" என்றார் கங்காணி. எனக்கு ஒரு பகடியும் வரவில்லை.

"தண்ணி வடிஞ்சதாலதான் நிறை குறையுது. இனித்தான் சதை வைக்கும். நிப்பாட்டாதேங்கோ," என்றீர்கள்.

"பொழைச்சிரும்னு சத்தியம் பண்ணுவீங்களா, மிஸ்?" என்று கேட்டேன்.

"மாட்டன். சில பிள்ளையள் இதுக்குப் பிறகும் போகும். ஆனால் நிப்பாட்டினால் கட்டாயம் போகும்."

நீங்கள் சத்தியம் பண்ணியிருந்தால் உங்களைத் துரத்தியிருப்பேன். அந்தப் பதிலால்தான் லயத்து ஆட்களை உள்ளே விடாமல் கதவை மறித்து நின்றேன். பெண்சாதி என் முதுகில் குத்தினாள். நீங்கள் மண்தரையில் உட்கார்ந்து மறுபடி கலக்கி ஊட்டினீர்கள். அடுத்த நாளும் அப்படித்தான். பிள்ளை முனகக்கூட இல்லை. வாரக்கணக்காக அவள் அழுததே இல்லை.

அதற்கடுத்த நாள் கோப்பை காலியாகி நீங்கள் எழுந்தபோது, அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். பெண்சாதி பதறி ஓடிவந்தாள்.

"ஒண்டுமில்லை. பசிக்குது அவளுக்கு," என்றீர்கள். அன்றுதான் நீங்கள் சிரித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வேறு. அடுத்த கோப்பையைப் பெண்சாதியே கலக்கினாள்.

இப்போது வீட்டில் கொள்ளுப்பேரன் பாலுக்குக் கத்தினால் எல்லோரும் காதைப் பொத்துகிறார்கள். நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கேட்கிறேன். எங்காவது ஒரு பிள்ளை சத்தமில்லாமல் கிடந்தால்தான், மிஸ், எனக்கு வாயடைத்துப் போகிறது.