இரண்டு பேர் இருந்த பத்தியம்

மார்ச் 9

அன்புள்ள குருவிக்கு,

போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை பார். உன் அக்காவின் கால் கட்டுப் பிரித்தாயிற்றா? நான் கேட்டதாகச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சொறிக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இந்தத் தடவை போனது புது தோல் டாக்டரிடம். சின்ன வயதுப் பெண். மற்றவர்களைப்போலத் தள்ளி உட்கார்ந்து களிம்பு எழுதித் தரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் முழங்கையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார், எனக்கே கூச்சமாகிவிட்டது. பக்கத்தில் கடுகளவு தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நேற்று முடிவு வந்தது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"பேக்கரியில மாஸ்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ ரொட்டி நிறைய சாப்பிடுவீங்க."

"அடுப்புல இருந்து எது வந்தாலும் பிச்சு வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் டாக்டர் வெளிய அனுப்புவேன். இல்லன்னா மாஸ்டர்னு எதுக்கு?"

"கோதுமைதான் உங்களுக்கு ஆகல."

கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்று என் குடலுக்குப் பகையாம். சண்டை குடலில் நடக்கிறது, கொப்புளம் தோலில் வெடிக்கிறது. எல்லோருக்கும் வருகிற நோய் இல்லையாம். மாத்திரை அரிப்பை அடக்கும்; ஆனால் வேரை அறுக்க வேண்டுமென்றால் சாப்பாட்டில் இருந்து கோதுமை அடியோடு போக வேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

யோசித்துப் பார். மீனை நிறுத்தினோம். முட்டை, பால், கத்தரிக்காய், தக்காளி, வேர்க்கடலை எல்லாம் போயிற்று. ஆளாளுக்கு ஒன்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் கழித்தோம். இவ்வளவையும் கழித்துவிட்டு, வயிறு நிறைய வேண்டுமே என்று நான் பையில் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றோம். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எட்டு வருடமாக!

இனிமேல் வீட்டில் எதை வேண்டுமானாலும் சமைக்கலாம். நீ எப்போது கிளம்புகிறாய் என்று எழுது. பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

உன் மாஸ்டர்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். மாடிப்படியைக் கண்டால்தான் இன்னும் பயம். படிக்குப் பயமே தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். நீங்கள் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான்தானே. காரணம் தெரிந்துவிட்டது என்று படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "அப்போ உன் சமையல்ல ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. அதை எழுதியிருக்காரா?" என்று கேட்டாள். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை. போகட்டும்.

கோதுமை என்றால் ரொட்டி மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் அதே குடும்பம்தான். கடையில் சூப் கெட்டியாக இருந்தால் மாவு கரைத்திருப்பார்கள். வறுத்த மீனின் மேல் பூச்சு எந்த மாவு என்று கேளுங்கள். வீட்டில் உங்களுக்குத் தனிச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்கிற இடத்தில் மாவுத் தூசி பறக்கும், மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டுங்கள்.

இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு தையல் யூனிட்டில் ஆள் கேட்டார்கள். அக்காவுக்குத் துணையாக இருக்கிற வரையில் என்று சேர்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கிறோம். நேர்த்தையல்தான். மனசுக்கு வேலை இல்லை, அதுவே இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

என் வாயோரப் புண் ஆறிவிட்டது.

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் குருவி


ஜூன் 20

அன்புள்ள குருவிக்கு,

அலுத்துப்போய்விட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஏப்ரல் முழுக்க ஒழுங்காகத்தான் இருந்தேன். அரிப்பு அடங்கியது. முழங்காலில் புதுக் கொப்புளம் இல்லை. விடிந்த பிறகும் தூங்குகிற சுகத்தை மறுபடி கண்டேன். சரியாகிவிட்டது, கொஞ்சம் தின்றால் என்ன என்று புத்தி கேட்டது. வெண்ணெய் பன் வெந்து வரும்போது அந்த வாசனை இருக்கிறதே, அதற்கு முன்னால் டாக்டராவது, பத்தியமாவது! ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். மறுநாளும் போட்டேன். ஒருநாள் முழு பன்னையே தின்றேன். வாரம் திரும்பியதும் முழங்கை, முழங்கால், இடுப்பு, தலை என்று எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டன. தலையணை உறையில் ரத்தம். டாக்டர் திட்டவில்லை. "தோல் பொய் சொல்லாது," என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

முதலாளி கூப்பிட்டார். "மாஸ்டர், ருசி பாக்காம எப்படி அடுப்புப் பக்கம் நிப்பீங்க? கொஞ்ச நாள் முன்னால கவுன்டர்ல நில்லுங்க," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நான் பழக்கிய ஆள் உள்ளே மாவு பிசைய, நான் வெளியே காகிதப் பையில் போட்டு நீட்டுகிறேன். வருகிறவர்கள் "இன்னைக்கு பன் எப்படி?" என்று கேட்டால், "நல்லா இருக்கும்" என்கிறேன். எப்படித் தெரியும் எனக்கு?

வீட்டுக்கு வந்தால் சாப்பிட ஒன்றும் இல்லை. சோறு குழைகிறது, இல்லையென்றால் அடிப்பிடிக்கிறது. உருளைக்கிழங்கை அவித்து உப்புப் போட்டுத் தின்கிறேன். நீ இருந்திருந்தால் அந்தப் பன்னைத் தொட்டிருக்க மாட்டேன். நீ கண்ணால் பார்த்தாலே போதும், கை தானாகப் பின்வாங்கும். உன் அக்காதான் நடக்கிறார்களே. இன்னும் என்ன?

முழங்கைத் தோல் மறுபடி பொருக்குத் தட்டிவிட்டது. எழுதும்போது மேஜை விளிம்பு பட்டு வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் மாஸ்டர்


ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முழங்கை வந்தது, முழங்கால் வந்தது, இடுப்பு, தலை, தலையணை உறைகூட வந்தது. நான்தான் எங்கேயும் வரவில்லை. "நீ இருந்திருந்தால்" என்ற இடத்தில் மட்டும் வருகிறேன், அதுவும் காவலுக்கு.

சண்டை போட எழுதவில்லை. சண்டைக்கு இப்போது தெம்பு இருக்கிறது, ஆனால் ஆசை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

யூனிட்டில் மதியம் துணி வெட்டுகிற மேஜையை ஒதுக்கிவிட்டு நான்கைந்து பெண்கள் சேர்ந்து சாப்பிடுவோம். சேர்ந்த புதிதில் நான் சோற்றில் மோர்கூட இல்லாமல் வெறும் அவித்த காயைப் பிசைந்து தின்றேன். தலையணை உறைக்குப் பொத்தான் கட்டுகிற அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "உனக்கு என்ன நோய்?" என்றார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்காரருக்குத் தோல்ல சொறி."

"அவருக்குச் சொறின்னா நீ ஏம்மா பத்தியம் இருக்க?"

உங்களுக்கு முன்னால் நான் மட்டும் மீன் தின்றால் நன்றாகவா இருக்கும் என்று முதல் வருடம் நினைத்தேன். அதற்குப் பிறகு நினைக்கக்கூட இல்லை, அது பழக்கமாகிவிட்டது. அந்த அம்மா ஒரு அவித்த முட்டையை உரித்து என் தட்டில் வைத்தார்கள். அதைத் தின்றபோது எனக்கு அழுகை வந்தது. முட்டைக்கு அழுகிறவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அக்கா என்னை அவளுடைய டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். நகம் நடுவில் குழிந்து சின்னக் கரண்டி மாதிரி இருந்தது. வாயோரம் வருடக்கணக்காக வெடித்திருந்தது, முடி கொத்தாகப் போனது, கன்னம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னார். உடம்பில் ரத்தம் இல்லை, சாப்பாட்டில் சத்து இல்லை. உங்களுக்கு ஆகாததைத் தின்று உங்கள் தோல் கெட்டது. எனக்கு ஆனதைத் தின்னாமல் என் தோல் கெட்டது. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில். எனக்குக் குருவி என்று பேர் வைத்தீர்கள், கொஞ்சமாகக் கொறிக்கிறேன் என்று. கொறிக்க அங்கே வேறு என்ன இருந்தது?

கடைசி நாள் நான் வைத்த சாப்பாட்டைக் கரண்டியால் கிளறிக் கிளறித் தேடினீர்கள். "எதையோ கலக்கற நீ, எனக்குத் தெரியும்," என்றீர்கள். அன்றைக்கு அக்கா கால் உடைந்த செய்தி வராமல் இருந்தாலும் நான் எங்கேயாவது போயிருப்பேன்.

சோறு குழைகிறது என்றால் தண்ணீரைக் குறையுங்கள். அடுப்பைச் சிறியதாக வையுங்கள். பன்னைத் தொடாமல் இருக்க நான் எதற்கு? உங்கள் கைதானே.

குருவி என்று இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நான்


அக்டோபர் 30

அன்புள்ளவளுக்கு,

எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வாய் வேகமாக ஓடுகிற ஆளுக்குப் பேனா ஓடவில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. உன் வாயோரத்தை நான் பார்த்ததே இல்லை என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலையில் இருந்து கோதுமையைத் தொடவில்லை. வேலையில் கவுன்டரைவிட்டு உள்ளே போவதில்லை. வீட்டில் அரிசி மாவில் ஒரு ரொட்டி போட்டுப் பார்த்தேன், செங்கல்லுக்கு அண்ணன் மாதிரி வந்தது. கடைக்குக் கொண்டுபோனதை முதலாளி தட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதை வெச்சு வீடு கட்டலாம்," என்றார். மறுபடி போடுவேன். மீன் வறுக்கக் கற்றுக்கொண்டேன். சாதம் இப்போது உதிரியாக வருகிறது. நீ சொன்னபடி தண்ணீரைக் குறைத்தேன்.

தோலைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

நீ என்ன சாப்பிடுகிறாய்? காலையில் என்ன, மதியம் என்ன? நகம் சரியாகிவிட்டதா? முடிந்தால் எழுது.

வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எந்த நாள் வந்தாலும் கவுன்டரில்தான் இருப்பேன். கண்ணாடிக் கதவு, தெருவில் இருந்தே தெரியும்.

உன் மாஸ்டர்


டிசம்பர் 12

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் யூனிட் வேலையாக நான் அங்கே வந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் விரிப்புகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்ததால் உங்கள் கடைத் தெருவுக்கு நடந்தே வந்தேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில் நின்றேன்.

நீங்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தீர்கள். நான் பார்த்து எத்தனை காலமாயிற்று! வெயில் கொளுத்தினாலும் முழுக்கையை மணிக்கட்டு வரை பூட்டிக்கொண்டு திரிந்தவர். ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். பையை நீட்டினீர்கள். குழந்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முன்பென்றால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு இழுக்கவில்லை. குனிந்து என்னவோ சொன்னீர்கள், அந்தக் குழந்தை சிரித்தது.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மருந்து வாங்க நின்றவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே வரத்தான் நினைத்து வந்தேன். நின்று பார்த்தேன், கால் எழும்பவில்லை. கோபத்தினால் இல்லை. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. கோபம் இருந்தால் வந்து இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். களைப்புத்தான். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, அவர் எழுந்து நடக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகு வருமே, அந்த மாதிரிக் களைப்பு. பேருந்தில் ஏறியதும் தூங்கிவிட்டேன்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். காலையில் இரண்டு முட்டை. மதியம் எல்லோருடையதிலும் கொஞ்சம். சாயங்காலம் பால். ராத்திரி அக்காவும் நானும் மீன் வாங்கினால் மீன், இல்லையென்றால் இருக்கிற கீரை. நகம் சமமாகிவிட்டது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் ஆள் மாதிரி இருக்க," என்கிறாள்.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். பிரிவு, வழக்கு என்றெல்லாம் பெரிய வார்த்தை எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்போதாவது எழுதுங்கள், நானும் எழுதுவேன்.

ஒரு உதவி. உள்ளறையில் என் தையல் மெஷின் இருக்கிறது. யூனிட் வேலை போக வீட்டிலும் தைக்கக் கேட்கிறார்கள். லாரியில் போட்டு அனுப்புங்கள். தலையைத் தனியாகக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றுங்கள். ஊசியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். தூக்குகிறவர் கையில் குத்திவிடும்.

இப்படிக்கு,
தையற்காரி