இறங்கலாமா என்று கேட்டால்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஏற்றியது: நாற்பது பெட்டி சோடா, டயப்பர் மூட்டைகள், நாய்த் தீனி, ஒரு சோபா. சோபா கதவுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. காலைக் கழற்றிப் படுக்கவைத்துத் தள்ளினோம். பதினோரு வருடமாக இந்தச் சின்ன விமானங்களுக்குச் சாமான் ஏற்றுகிறேன். விமானி லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பறந்த கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. வேலைதான் இல்லை.

சாலையே இல்லாத இந்தப் பனிப்பகுதிக்கு டவுன் என்றால் பெத்தேல்தான். இங்கே சின்ன விமானக் கம்பெனிகள் மூன்று. இரண்டில் கைவிரித்துவிட்டார்கள். மூன்றாவது, நான் மூட்டை தூக்கும் இதே கம்பெனி. தலைமை விமானி ஹட்சின்ஸ் வியாழக்கிழமை கூப்பிட்டிருக்கிறார். இதுவும் போனால் வடக்கே எண்ணெய் வயல்தான். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். என் மனைவி ஒலிங்காவுக்கு ஜூலையில் பிரசவம்.

மார்ச் 6, வியாழன்

போச்சு.

"நுனாச்சாக்குல பக்கக் காத்து பலமா அடிக்குது. இறங்குவியா?" என்று கேட்டார் ஹட்சின்ஸ். அது நான் பிறந்த ஊர். அங்கே காற்று எப்படியெல்லாம் அடிக்கும் என்று தெரிந்ததால்தானே வாய் வரவில்லை! "இறங்கலாம்னு நினைக்கிறேன் சார். அன்னைக்குப் பார்க்கணும்" என்றேன்.

"தனியா அனுப்பினா சமாளிப்பியா?"

புருவத்தை உயர்த்தினேன். அவர் காத்திருந்தார். இன்னொரு முறை உயர்த்தினேன். "என்னப்பா, கேட்டா பதிலே காணோம்?"

இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்களில் கைக்குழந்தைகூட ஆமாம் என்பதைப் புருவத்தால்தான் சொல்லும். மோன்டானாவிலிருந்து வந்து நாலு வருடமாயிற்று, இது தெரியாதா அவருக்கு? எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா, வாயைத் திறந்து சொல்ல?

வேலை டிலனுக்கு. ஃப்ளோரிடாப் பையன், ஊருக்கு வந்து ஒன்பது நாள். பனிக்கு ஏற்ற பூட்ஸ்கூட கிடையாது. கேட்டதற்கெல்லாம் "பிரச்சினையே இல்ல சார்" என்றானாம்.

மார்ச் 7

டிலனின் விமானத்துக்கு நான்தான் சாமான் ஏற்றினேன். நல்ல பையன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்னொரு விமானி சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். ஹட்சின்ஸிடம் போய் மறுபடி கேட்கலாம்.

ஒலிங்கா சமையலறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். அவள் ஹட்சின்ஸ், நான் நான். கரண்டியால் மேசையைத் தட்டி, "இறங்குவியா?" என்றாள்.

"இறங்கலாம்னு..."

"ஐயோ! முடியும்னு சொல்லுய்யா."

வாயில் வரவில்லை. வராத காற்றைப் பற்றி வாய்விடாதே என்றுதான் எங்களை வளர்த்தார்கள். காற்று கேட்டுக்கொண்டிருக்கும் என்பார் அப்பா. பத்தாவது தடவை "முடியும்" என்று கத்தினேன். அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நுனாச்சாக்கிலிருந்து வஸ்ஸிலி பேசினான். மாமன் மகன். அங்கே கம்பெனியின் ஏஜென்ட் அவன்தான்: விமானம் வந்தால் சாமான் இறக்குவது, வருகிறவனுக்கு ரேடியோவில் காற்றும் தரையும் சொல்வது. "என்ன மச்சான், புருவத்தாலயே பிளேன் ஓட்டப்போறியாமே?" என்றான். மச்சான் முறைக்காரன் என்ன கிண்டல் செய்தாலும் கோபப்படக் கூடாது. கோபப்படவில்லை. போனைத்தான் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10

சொல்லிவிட்டேன்! "முடியும் சார். பிரச்சினையே இல்ல." யாரோ பேசுவது போல இருந்தது. 29-ஆம் தேதி சோதனைப் பறப்பு, அவர் பக்கத்தில் உட்காருவார். நுனாச்சாக்குக்கே.

ஏப்ரல் 29, செவ்வாய்

யாருக்கும் அடி இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பனி உருகும் காலம். சரளை ஓடுபாதை மேலே பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. ரேடியோவில் வஸ்ஸிலி: "தெக்கு முனை சேறா இருக்கு. இன்னைக்கு வேணாம் மச்சான்." குரலில் கிண்டலே இல்லை. அது போதாதா எனக்கு? ஹட்சின்ஸ் என் பக்கம் திரும்பி, "உன் இஷ்டம். முடியுமா?" என்றார்.

திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். நினைத்தேன், சத்தியமாக. வாய் சொன்னது: "முடியும் சார்."

தரையைத் தொட்டது நன்றாகத்தான் தொட்டது. ஓடி நிற்கும் நேரத்தில் முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. மூக்கு குத்திக்கொண்டது. புரொப்பெல்லர் தரையில் அடித்த சத்தம் – இன்னும் காதில் இருக்கு. என்னடா பண்ணித் தொலைச்சேன்! யாரைக் கேட்டுடா இறக்கினே!

ஹட்சின்ஸ் திட்டவில்லை. இறங்கி, வளைந்துபோன புரொப்பெல்லரைக் கையால் தடவிப் பார்த்தார்.

மே 2, வெள்ளி

அறிக்கையைக் காட்டினார்கள். மார்ச்சில் எழுதியது: "தன்னம்பிக்கை போதாது." இப்போது எழுதியது: "தன்னம்பிக்கை அதிகம்." இரண்டும் ஒரே கையெழுத்து.

மூட்டை தூக்கும் வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 20

நுனாச்சாக்குக்கே, ஊரோடு வந்துவிட்டோம். பெண் குழந்தை, ஐந்து வாரம். எண்ணெய் வயலுக்குப் பெயர் கொடுத்தேன், எடுக்கவில்லை. கூடவே கொடுத்த வஸ்ஸிலியை எடுத்துக்கொண்டார்கள். போகும்போது ஏஜென்ட் வேலையையும் ரேடியோவையும் என் கையில் திணித்தான்; ஊரில் வேறு ஆள் இல்லாததால் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. "பிளேனை இறக்கத்தான் தெரியல. சாமானாவது ஒழுங்கா இறக்கு" என்றான். ஊருக்குள் இப்போது என் பெயரே "முடியும்". சின்னப் பசங்கள் வரை. மாக்சிம் என்று கூப்பிட ஒலிங்கா ஒருத்திதான்.

விமானத்தில் ஏறுகிறவர்களிடம் எடை கேட்டு எழுதுகிறேன். அது ஒன்றுதான் இப்போது எனக்கும் பறப்பதற்கும் உள்ள சம்பந்தம்.

நவம்பர் 10, திங்கள்

ஹட்சின்ஸ் போன் செய்தார்! இருட்டும் குளிரும் தாங்காமல் இரண்டு விமானிகள் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். "வியாழக்கிழமை டிலனோட நானே வரேன். நீ ஓட்டு, இன்னொரு தடவை பார்த்துடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஆள் வேணும். ஆங்கரேஜ்ல ஒருத்தன் காத்திருக்கான். ஆனா முதல்ல உன்னைப் பார்க்கணும்னு தோணுச்சு."

சரி சார் என்று வாயைத் திறந்தே சொன்னேன். ஒலிங்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். நான் ஆடவில்லை. காற்று கேட்டுக்கொண்டிருக்கும்.

நவம்பர் 13, வியாழன்

விடியும்போது மழை. விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. ஓடுபாதை முழுக்கக் கண்ணாடி. மேற்கிலிருந்து பக்கக் காற்று. என் பூட்ஸே நிற்கவில்லை, இரண்டு முறை விழுந்தேன். மண் அள்ளிப் போட்டேன். ஒரு ஆள் எவ்வளவு போட முடியும்?

பன்னிரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. "நுனாச்சாக், டிலன் பேசறேன். சீஃப் கூட இருக்காரு. இறங்கலாமா?"

அவர்கள் இறங்கினால் எனக்கு வேலை. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதைத்தானே சொன்னேன்? அதைச் சொன்னால் டிலன் இறங்கப் பார்ப்பான். அவன் பயமறியாதவன்.

ரேடியோவைப் பிடித்தபடி நின்றேன்.

"வேணாம். பாதை பூரா ஐஸ். திரும்பிப் போங்க."

பிறகு ஹட்சின்ஸின் குரல்: "மாக்சிம், நிச்சயமாவா சொல்றே?"

"நிச்சயமா சார்."

தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே போனார்கள். சத்தம் தேய்கிற வரை நின்றேன். வீட்டுக்கு வந்ததும் ஒலிங்கா தேநீர் ஊற்றி, உலர்ந்த சால்மனைப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று மணிக்குக் காற்று அடியோடு நின்றது. வெயில்கூட அடித்தது.

நவம்பர் 15, சனி

டிலன் தபால் கொண்டுவந்தான். நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கிறான். சாமானை எல்லாம் இறக்கி முடித்த பிறகுதான் சொன்னான்: "ஆங்கரேஜ் ஆளை எடுத்துட்டாங்கண்ணே. நேத்தே." அவன் கண் என் முகத்தில் இல்லை.

"தெரியும்டா."

மேற்கே மேகம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. அவன் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்தான். "கிளம்பலாமா?"

வானத்தைப் பார்த்தேன். கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்தேன். புருவத்தை உயர்த்தினேன்.

அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பதிலுக்குத் தானும் புருவத்தை உயர்த்தி, என்ஜினைக் கிளப்பினான்.