ஏழாவது கிணற்றின் கயிறு

ஆச்சி,

நேற்று மத்தியானம் சங்கத்து அறைக் கதவைத் திறந்ததும் ஊறிய தென்னைநார் வாசனை அடித்தது. பாசியும் இரும்பும் கலந்த அந்த வாசனை உங்களுக்குப் பிடிக்கும், எனக்குத் தும்மல் வரும். மேசைக்குக் கீழே பழைய கிணற்றுக் கயிறு ஒன்று சுருட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஏழாவது கிணற்று ஊர்ப் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். பழைய கயிற்றைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப்போக வந்திருந்தார். "பழசக் கொண்டாந்தாத்தான் புதுசு" என்று நீங்கள் போட்ட சட்டத்தை, நீங்கள் கண்ணை மூடிப் பதினாலு மாதம் ஆன பிறகும் நான் மாற்றவில்லை.

கயிற்றை மடியில் போட்டு, நீங்கள் செய்கிற மாதிரியே விரலால் தடவிப் பார்த்தேன். நாலே மாதத்தில் நார் நாராகப் பிரிந்திருந்தது. மூன்று இடத்தில் முடிச்சு. நீங்களாக இருந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பீர்கள். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தேதியைக் குறித்தேன்.

சுதந்திரம் வந்த மறு வருடம், உங்கள் சமஸ்தானம் மாகாணத்தோடு சேர்ந்தபோதுதான் நீங்கள் முதல் தடவை ஆவுடையார்கோவிலுக்கு வந்தது. நான் அங்கே போர்டு ஸ்கூல் வாத்தியார். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டு அம்மா ஒருத்தர் வெள்ளைப் புடவையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, "இந்தப் பக்கம் எந்த ஊர்ல தண்ணி ரொம்ப மோசம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்றார்கள். உங்களுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, எனக்கு இரண்டு வயது குறைவு. வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். சாயங்காலத்துக்குள் நீங்கள் ஆரம்பித்த கிணற்றுச் சங்கத்துக்குச் செயலாளர் ஆகியிருந்தேன். அது எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊரெல்லாம் உங்களைக் கிணறு வெட்டிக் கொடுக்கும் புண்ணியவதி என்றது. அந்தப் பேச்சைக் கேட்டாலே உங்கள் முகம் சுளிக்கும். "கெணறு வெட்ட ஆளு இருக்கு வாத்தியாரே. நம்ம வேல கயிறு" என்பீர்கள். ஒரு கிணற்றுக்கு ஒரே உருளை, ஒரே கயிறு, ஒரே வாளி. மேலத்தெருவும் கீழத்தெருவும் அதே கயிற்றைப் பிடித்துத்தான் இறைக்க வேண்டும். கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் ஊர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் கடப்பாரை இறங்கும். இல்லையென்றால் வந்த வண்டியைத் திருப்பிவிடுவீர்கள். அப்படி ஆறு ஊர்கள் சம்மதித்தன. நல்ல தண்ணீருக்குத் தவித்துக் கிடந்த ஊர்கள், வேறு வழியில்லை.

கயிறு தேய்வதை வைத்து ஊரை அளக்கலாம் என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். மற்ற ஊர்களிலிருந்து ஐந்தாறு மாதத்துக்கு ஒரு தடவை பழைய கயிறு வந்துவிடும். கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து மட்டும் இரண்டு வருடமாக யாரும் வரவில்லை. "கயித்த நல்லாப் பாத்துக்கிறாங்க போல" என்று நான் அப்பாவியாகச் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுநாளே வண்டி பிடித்தீர்கள். போய்ப் பார்த்தால் உருளையில் சங்கத்துக் கயிறு புது மாப்பிள்ளை மாதிரி தொங்குகிறது. மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கயிறும் வாளியும் வைத்திருந்தார்கள். நாம் வருகிற செய்தி தெரிந்தால் மட்டும் நம் கயிற்றை மாட்டுவார்களாம். கீழத்தெரு ஆட்கள் கிணற்றுப் பக்கமே வருவதில்லை.  கயிற்றைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினீர்கள். அதன் பிறகுதான் உங்கள் பிடி இறுகியது என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தது பாக்கியத்தின் ஊர். அதன் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அங்கே மேலத்தெருவில் பழைய கிணறு ஒன்று இருந்தது. கீழத்தெருப் பெண்கள் அதைத் தொடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலத்தெருவில் யாருக்காவது மனசு வந்தால் ஊற்றுவார்கள். வராவிட்டால் மாடு இறங்குகிற குட்டைத் தண்ணீர்தான். நாம் முதலில் போன அன்று பாக்கியமும் அவர் மகள் செல்லமும் அப்படித்தான் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்துக்கு ஏழு வயது இருக்கும். அவளும் ஒரு சின்னக் குடம் வைத்திருந்தாள்.

கோயில் வாசலில் மேலத்தெருப் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். "அவுகளுக்குத் தனியா வெட்டிக் குடுங்க ஆச்சி. நாங்க வேணாம்னா சொல்றோம்? மண்ணு சுமக்க வண்டிகூடத் தாரோம். ஒரே கயிறுங்கிறது மட்டும் இங்கிட்டு நடக்காது."

"தனிக் கெணறுன்னதும் வண்டி குடுக்க மனசு வருது பாத்தீங்களா" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டீர்கள்.

திரும்பி வரும்போது நான் வாதாடினேன். தண்ணீர் இல்லாதவர்கள் கீழத்தெருக்காரர்கள். நாம் முறைத்துக்கொண்டு போனால் மேலத்தெருவுக்கு என்ன நஷ்டம்? நீங்கள் பொறுமையாகத்தான் பதில் சொன்னீர்கள். "நாமளே தனியா வெட்டிக் குடுத்தா அது சங்கம் போட்ட பிரிவாயிரும் வாத்தியாரே. அப்பறம் நாப்பது வருசத்துக்கு அசைக்க முடியாது. பொறுங்க. வழிக்கு வருவாங்க."

உங்கள் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. நானும் ஒரு மேலத்தெருக்காரன்தான். என் வீட்டுக் கொல்லையில் கிணறு உண்டு. பொறுப்பதில் நம் இரண்டு பேருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

இரண்டாவது கோடையில் அந்த ஊரில் வாந்திபேதி வந்தது. குட்டைத் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான் வந்தது. செல்லம் இரண்டே நாளில் செத்துப்போனாள். உங்களுக்குக் கார்டு எழுதினேன். பதில் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: "படித்தேன். மனது சரியில்லை. நம் முடிவில் மாற்றம் இல்லை." மூன்றே வரி. அன்று உங்கள் மேல் வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

மூன்றாவது கோடையில் காரைக்குடியில் உங்கள் தங்கை மகள் கல்யாணம். இருபது நாள் இந்தப் பக்கம் வரமாட்டீர்கள் என்று தெரிந்ததும் நான் போய்க் கீழத்தெருக் கோடியில் இடம் பார்த்தேன். நீரோட்டம் பார்க்கிறவர் கண்மாய்க் கரையோரம் ஓர் இடத்தைக் காட்டினார். கீழத்தெரு ஆட்களே வெட்டினார்கள். பதினேழாம் நாள் தண்ணீர் கண்டது, இளநீர் மாதிரி. அவர்களே ஒரு கயிறு திரித்து இறைத்துக்கொண்டார்கள். யார் அனுமதி கொடுத்தது என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். ஒரு கை அள்ளிக் குடித்தீர்கள். "தண்ணி நல்லாருக்கு" என்றீர்கள். பிறகு, "இது சங்கத்துக் கெணறு இல்ல வாத்தியாரே. நீங்க வெட்டுன கெணறு. இதுக்குக் கயிறு தரமாட்டேன்" என்றீர்கள்.

"செயலாளர் வேலையை விட்டுரட்டுமா ஆச்சி?"

"அது எதுக்கு? இந்த வெயில்ல அலைய வேற யாரு கெடைப்பா?"

கேலிதான். ஆனால் அதன் பிறகு எட்டு மாதம் என் வீட்டில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, வேலையை முடித்து, அப்படியே திரும்பிவிடுவீர்கள். அது எனக்கு வலித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. மேலத்தெருக் கிணறு உப்பாகிப்போனது. வாயில் வைக்க முடியவில்லை. அதே பெரியவர் இன்னொருத்தரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். தங்கள் தெருவுக்கு ஒரு கிணறு வேண்டும் என்றார்கள்.

"ஒரு தெருவுக்குன்னு சங்கம் கெணறு வெட்டாதுங்க" என்றீர்கள். "கீழத்தெருவுல நல்ல தண்ணி இருக்குன்னு கேள்வி. போய்க் கேளுங்க."

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. அவர்கள் போனதும், "ஒரு கயிறு எடுங்க வாத்தியாரே" என்றீர்கள்.

மறுநாள் கயிற்றை நீங்களே கீழத்தெருக் கிணற்றுக்குக் கொண்டுபோனீர்கள். மேலத்தெருப் பெண்கள் மூன்று பேர் குடத்தோடு தள்ளி நின்றிருந்தார்கள். கிட்டே போகலாமா கூடாதா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவர்கள் வீட்டு ஆண்கள் வரவில்லை. வண்டியில் பீப்பாய் கட்டி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவருவதாகப் பேச்சு. பாக்கியம் உங்கள் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். முறுக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"நல்ல கயிறு. எம்மக இருந்தப்பவே இதக் கொண்டாந்திருக்கலாமே ஆச்சி."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கயிற்றை உருளையில் மாட்டிவிட்டு, "ஏன் நிக்கிறீங்க, கொடத்தக் கொண்டாங்க" என்று மேலத்தெருப் பெண்களைக் கூப்பிட்டார். அவர்களையே இறைத்துக்கொள்ளச் சொல்லிக் கயிற்றை நீட்டினார். ஒருத்தி வாங்கினாள். மற்ற இருவரும் கொஞ்ச நேரம் கழித்து வாங்கினார்கள். நீங்கள் எத்தனையோ வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. நீங்கள் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

ஆவுடையார்கோவிலுக்குத் திரும்பினோம். என் வீடு வந்ததும், "மோர் இருக்கா?" என்று கேட்டீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இனி யாருடைய சம்மதத்தையும் கேட்டு நிற்பதில்லை. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் இல்லையோ அந்தத் தெருவில் முதலில் வெட்டுவது. கயிறு ஒன்றுதான். மற்றத் தெருக்காரர்கள் வந்தால் அதே கயிற்றில் இறைக்கட்டும், வராவிட்டால் அவர்கள் விருப்பம். பாக்கியத்தின் ஊர்க் கிணறு அன்றைக்குத்தான் ஏழாவதாகப் பதிவில் ஏறியது. தீர்மானப் புத்தகத்தில் கடைசியில் 'காரணம்' என்று ஒரு இடம் உண்டு. அதில் என்ன எழுத என்று கேட்டேன். 

"செல்லம்னு எழுதுங்க."

"அது மட்டுமா ஆச்சி?"

"அது மட்டும்."

அதற்குப் பிறகு நீங்கள் இருக்கும்போதே ஐந்து கிணறு வெட்டினோம். மூன்றில் கயிறு சீக்கிரம் தேய்கிறது. இரண்டில் மேலத்தெரு இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டீர்கள். நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அந்த இரண்டு ஊரிலும் யாரும் குட்டைத் தண்ணீர் குடிப்பதில்லை. இதில் நமக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இப்போதும் ஒத்துப்போகாது.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். கமிட்டிக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒழுங்காகச் செய்பவர். பாக்கியம் உட்கார்ந்திருக்கும்போதே பழைய தீர்மானங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"சார், இங்க காரணம்ங்கிற எடத்துல செல்லம்னு ஒரு பேரு இருக்கு. தப்பா விழுந்ததுபோல. அடிச்சிரலாமா?"

பாக்கியத்துக்கு எழுத்து தெரியாது. இந்தப் பெயர் இந்தப் புத்தகத்தில் இருப்பதை இத்தனை வருடத்தில் நானும் சொன்னதில்லை, நீங்களும் சொன்னதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், உன் மகள் பேரை எழுதியிருக்கிறோம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். நேற்று தப்பிக்க முடியவில்லை. சொன்னேன்.

"எங்க இருக்கு?" என்றார் பாக்கியம்.

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். மை அழிந்துவிடுமோ என்பது போல விரலை எழுத்தின் மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"ஆச்சி எழுதச் சொன்னாகளா?"

"ஆமா."

"எப்ப?"

"கயிறு கொண்டாந்தாங்கள்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம."

 "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். அது உங்களுக்கும் சேர்த்துச் சொன்னது, ஆச்சி. பதில் சொல்ல நீங்கள் இல்லை. 

ஓய்வு பெற்றவர் பேனாவை மூடிவிட்டார்.

பாக்கியம் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். நான் எடுத்து வைத்திருந்த புதுக் கயிற்றைக் கையால் அளந்து பார்த்தார். "இது பத்தாது வாத்தியாரய்யா. இந்த வருசம் தண்ணி கீழ போயிருச்சு. நாலு மொழம் கூட வேணும்."

நீளக் கயிறு வெள்ளிக்கிழமைதான் வரும். "வெள்ளிக்கெழம வரைக்கும்" என்று ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வார்த்தை உங்களுடைய 'பொறுங்க'. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேரிடம் நாம் இரண்டு பேரும் சொன்னது. அதை முடிக்காமல் எழுந்தேன்.

பதின்மூன்றாவது கிணற்றுக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்த நீளக் கயிற்றை இறக்கி, பாக்கியத்தின் தோளில் போட்டேன்.