பிழையில்லாத செய்தி

என்னங்க,

உங்கள் செய்தியைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாகப் போகிறது." ஒற்றும் புள்ளியும் இம்மி பிசகவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கி, "இது அப்பா இல்லம்மா, டீச்சர்!" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

உங்கள் எழுத்து எனக்குத் தெரியாதா? பாதி ஆங்கில எழுத்து, பாதி தமிழ், எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. குடும்பக் குழுவில் என் தங்கை, "மாமா மெசேஜுக்கு யாராவது அர்த்தம் சொல்லுங்களேன்!" என்று கலாய்ப்பாள். நீங்களோ, "புரிஞ்சுதுல்ல, அப்புறம் என்ன?" என்பீர்கள்.

உங்கள் பட்டறையில் தீப்பிடித்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றீர்கள். அதன்பிறகு உங்கள் செய்திகளில் ஒரு பிழைகூட இல்லை. சிக்னல் இல்லை என்று முகமும் காட்டுவதில்லை, குரலும் தருவதில்லை.

உங்களுக்காகத் தட்டச்சு செய்பவர் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களே சொல்லும்போது சொல்லுங்கள்.

அவரை ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதட்டும். பாப்பாவுக்கு அப்பாவை வாசித்துக் காட்டவேண்டும். எனக்கும்தான்.

உங்கள்
வாயாடி