பூஜை அறையில் கழுவிய ஃபிலிம்

28 ஏப்ரல் 2025, திங்கள்

பள்ளி விடுமுறை. பிள்ளையார்பாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போய்வந்த புவனா என் முன்னால் ஒரு ஃபிலிம் ரோலை வைத்தாள். "நம்ம கல்யாணத்துல தம்பி குமரகுரு எடுத்தது. பீரோவ நகத்தும்போது அடியில கெடந்துதாம்."

இருபத்துமூன்று வருடம் பீரோவுக்கு அடியில்! தொலைந்துவிட்டது என்று அவன் சொன்னதை நான் அன்றே நம்பவில்லை. என் அம்மா பக்கம் கேமராவைத் திருப்பியே இருக்க மாட்டான். அதை மறைக்கத்தான் 'தொலைந்தது'. கல்யாண ஆல்பத்திலோ அம்மா எல்லாப் பக்கத்திலும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால். கல்யாணமாகி எட்டே மாதத்தில் போய்விட்டாள். மாட்டுவதற்குப் படம் இல்லாமல் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கினோம். சுவரில் இன்றும் திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி முறைக்கிறாள்.

அந்தப் படத்தை மாட்டிய அன்றோடு மச்சானிடம் பேச்சை நிறுத்தினேன்.

30 ஏப்ரல்

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். "இத இப்ப யாரு சார் கழுவறாங்க? சென்னைக்கு அனுப்பிப் பாருங்க." அங்கே தொலைந்தால்? ஒருமுறை தொலைந்தது போதும்.

நானே கழுவுவேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தானே. வேதியியலில் முதுகலை, இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவன். (தலைமையாசிரியர் பதவியை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அது தனி நோட்டில் இருக்கிறது.)

6 மே

மருந்துகள் வந்துவிட்டன. டெவலப்பர் படத்தை வெளியே கொண்டுவரும், ஃபிக்ஸர் அதை நிறுத்திவைக்கும். கரைசல் இருபது டிகிரியில் இருக்க வேண்டுமாம். நம் குழாயில் முப்பத்துநான்கு! ஆகவே பாட்டில்கள் ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில்.

"பேரு எழுதி ஒட்டுங்க. நான் ஊத்தாப்பம் ஊத்திடப் போறேன்."

ஜன்னல் இல்லாத அறை பூஜை அறை ஒன்றுதான். சாமி படங்களைக் கூடத்துக்கு மாற்றினோம். "சாமியவே வீடு காலி பண்ண வெச்சிட்டீங்களே" என்கிறாள்.

9 மே

ஒத்திகை. ஓரிக்கை பாலாற்றங்கரையில் எடுத்த புது ரோல். கழுவினால் வெறும் கண்ணாடி. ஒரு படம்கூட இல்லை.

ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

10 மே

கொடியில் காய்ந்ததைப் புவனா பார்த்துவிட்டாள். தம்பிக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டாள். அங்கே அவன் சிரித்தது இங்கே எனக்குக் கேட்டது.

14 மே

இரண்டாவது ஒத்திகை. மணல், என் நிழல், ஒரு நாய். நாய் மிகத் தெளிவு.

16 மே, வெள்ளி

இன்று அந்த ரோல். கதவிடுக்கில் வெளிச்சம் வரும், வீட்டில் ஒரு லைட்டும் எரியக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு ஆறு மணிக்கு உள்ளே போனேன். கும்மிருட்டில் ஃபிலிமைச் சக்கரத்தில் சுற்றி, வெளிச்சம் புகாத டப்பாவில் போட வேண்டும். கை வியர்த்து ஏறவே இல்லை. அரை மணி நேரம். ஒருவழியாகக் கடைசிச் சுற்று.

கதவு திறந்தது. புவனா. கையில் ஏற்றிய காமாட்சி விளக்கு.

டப்பாவில் போட்டு மூடினேன். என்ன பிரயோசனம்? கத்தினேன்.

"வெள்ளிக்கெழம, வீடே இருட்டா கெடக்குது. வெளக்கேத்துனேன். காலு பழக்கத்துல இங்க வந்துடுச்சி. நான் என்னா பண்ணட்டும்?"

தாழ் போட்டிருக்கலாம். பூஜை அறைக்கு உள்தாழ் யார் வைக்கிறார்கள்?

17 மே

அம்மா அதுல இருந்தாளா, இல்லியா? இனிமே தெரியவே போறதில்ல. போச்சு. எல்லாம் போச்சு.



19 மே

டப்பா அப்படியே கிடக்கிறது. புவனா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குமரகுரு சொல்லச் சொன்னான். சாயம் போடும்போது நூல இறுக்கிக் கட்டிட்டா வெளிச்சுத்துலதான் கலர் புடிக்குமாம், உள்ள வெள்ளையாவே நிக்குமாம். 'வெளிச்சமும் அப்டிதாங்க்கா, உள்சுத்து தப்பிச்சிருக்கும், மாமாவ மருந்த ஊத்திப் பாக்கச் சொல்லு'ன்னான்."

சாயப்பட்டறைக்காரன் எனக்குப் பாடம் நடத்துகிறான்.

சரியாகத்தான் நடத்துகிறான்.

20 மே

ஊற்றினேன். டெவலப்பர் முதலில்!

வெளிச்சுற்றெல்லாம் கரிக்கட்டை. உள்ளே பதினொரு படம். மொபைலில் எடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். ஒன்பதில் அம்மா. ஒன்றில் பன்னீர்ச் செம்பைப் படமெடுப்பவன் மேல் ஓங்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதையே மறந்திருக்கிறேன்.

ஓடிப்போய் முதலில் புவனாவிடம்தான் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "வெளக்கு வெச்ச நேரம்" என்றாள். திமிர்.

பதினொன்றில் ஒன்றில்கூட மாப்பிள்ளை இல்லை. ஓரமாக என் முழங்கை மட்டும்.

24 மே

குமரகுருவுக்கு நானே போன் செய்தேன். "மாப்பிள்ளை எங்கடா?" என்றேன். இருபத்துமூன்று வருடத்தில் என் முதல் வார்த்தை.

"அப்பவே மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்துனு இருந்தீங்க மாமா. ஃபிலிம் வேஸ்ட்டாவுமேன்னு வுட்டுட்டேன்."

இதற்கெல்லாம் நேரில் திட்ட வேண்டும். நாளை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

25 மே, ஞாயிறு

வந்தான். மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். வாக்காளர் அட்டை அம்மாவை இறக்கிவிட்டு, பன்னீர்ச் செம்பு அம்மாவை அவன்தான் மாட்டினான். கோணலாக.

சொல்ல வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன்.