நானாவும் பாத்ரூம் கதவும்

நானா,

இன்று பிலிமத்தலாவைக் கடையில் இருக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். "ஏன், நல்லா இல்லையா?" என்று கேட்டார். டீயில் ஒரு குறையும் இல்லை. உங்களோடு பாதி குடித்துப் பழகிய தம்பியின் கை, அவ்வளவுதான்.

கராம்பு மரத்திலிருந்து விழுந்து உங்கள் கால்கள் அசையாமல் போனபோது, சக்கரக் கதிரை வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தோம். கதிரையும் வந்தது. அலவத்துகொடையில் மலையை வெட்டி வாப்பா கட்டிய வீட்டுக்குள் அது எங்கே போகும்? முன்வாசலில் படி, குசினிக்குப் படி. பாத்ரூமோ பின்பக்கம் படி இறங்கி, ஒரு ஆள் சரிந்து நுழையும் கதவோடு. உங்களைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழைவேன். உங்கள் முழங்கை ஒவ்வொரு முறையும் கதவு நிலையில் உரசும். கட்டிலிலேயே சிறுநீருக்குப் போத்தல் வைக்கலாம் என்றேன். "நான் தொழுற ஆள்டா, சுத்தம் வேணும், அது வாணாம்" என்றீர்கள்.

மேசன் பாஸைக் கூட்டிவந்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். "மேல்மாடி முழுக்க இதுலதான் நிக்கிது. கைய வெச்சா ஊடு இறங்கிடும்" என்றார். கதவைப் பெரிதாக்கும் பேச்சு அதோடு முடிந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்றால், நம் பக்கத்தில் சமதரையில் எந்த வீடு இருக்கிறது? வழி கேட்டால்கூட மேலே என்பார்கள், இல்லாவிட்டால் கீழே என்பார்கள்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தாகமே இல்லாமல் போனது. சோற்றோடு ஒரு வாய், மருந்தோடு ஒரு வாய். நோன்பு திறக்கும்போது எல்லாரும் கஞ்சியும் சர்பத்துமாகக் குடிக்க, நீங்கள் பேரீச்சம்பழத்தோடு நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வீர்கள். "எனக்கு வருஷம் முழுக்க நோன்புதானே" என்று சிரிப்பீர்கள். என்ன சபூர், என்ன பொறுமை இந்த மனிசனுக்கு என்று ஊர் பாராட்டியது. நானும் பெருமைப்பட்டேன். ஒருநாள் உங்களைப் பாத்ரூமிலிருந்து தூக்கிவந்து கிடத்திவிட்டு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தீர்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கெஞ்சினேன், ஏசினேன். நீங்கள் வைத்தால் நானும் பாதியில் வைப்பேன் என்று அடம்பிடித்தேன். நீங்கள் அசையவில்லை.

சிறுநீரில் கிருமி, காய்ச்சல், மறுபடி கிருமி. கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கண்டி ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தோம். படுத்தபடி எதிரே இருந்த கழிவறையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சமதரை. கதிரை நேராகப் போய்த் திரும்பி வருமளவு அகலம்.

"இங்க கதவு பெரிசா ஈக்கிதுடா" என்றீர்கள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். "தண்ணி தா. கோப்பை நெறைய தா."

தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். குடித்தால் இனி வெளியே போகாதாம். பஞ்சை நனைத்து உங்கள் உதட்டில் வைத்தேன். அதை நீங்கள் உறிஞ்சியதை என்னால் மறக்கவே முடியவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அந்த வீட்டை எனக்குப் பிடிக்கவில்லை நானா. ஆனாலும் அதில்தான் இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் கதவில்தான் முதலில் கண் போகிறது. எல்லாம் ஒடுக்கம். புதிதாகக் கட்டுகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். "எங்கட ஊட்டுல அப்பிடி யாரும் இல்லியே" என்கிறார்கள்.

நீங்கள் அந்த மரத்தில் ஏறும்வரை நம் வீட்டிலும் அப்படி யாரும் இல்லை.